மிதக்கும் பொய்

பைக் என்று நான் சொன்னவுடன் உங்கள் மனக்கண்ணில் இரண்டு சக்கரமும் கொஞ்சம் புகையும் வந்து நின்றால் குற்றம் உங்களுடையதல்ல, நம் எழுத்தின் சிக்கனத்துடையது. முதல் எழுத்தை மெல்லச் சொன்னால் மோட்டார் சைக்கிள். உதடுகளை அழுத்திச் சொன்னால் மீன். நான் சொல்ல வந்தது மீனை. பழைய காலத்து ஐரோப்பியச் சிப்பாய்கள் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்த நீண்ட ஈட்டிக்கு அந்தப் பெயர் உண்டு. கூர்மையான மூக்கும் நீண்ட உடம்புமாக இந்த மீனைப் பார்த்தவர்கள் ஆயுதத்தின் பெயரையே இதற்கும் சூட்டிவிட்டார்கள்.

ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய இடங்களின் ஏரிகளிலும் மந்தமான ஆறுகளிலும் வாழ்கிற மீன் அது. நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் நம் விராலைத் தெரிந்தவர்களுக்கு அதன் குணம் பாதி தெரிந்த மாதிரி. இரண்டும் ஒரே ஜாதியல்ல, தூரத்து உறவுகூட அல்ல. இருந்தாலும் பாசிக்குள் அசையாமல் கிடந்து, தலைக்கு மேலே தவளை தத்திப் போனால் நீரைக் கிழித்துக்கொண்டு பாய்கிற சுபாவம் இரண்டுக்கும் பொது.

பைக்கின் உடம்பைப் பார்த்தாலே அதன் தொழில் விளங்கிவிடும். முதுகிலும் அடிவயிற்றிலும் இருக்கவேண்டிய துடுப்புகள் வாலுக்குப் பக்கத்தில் போய் ஒதுங்கியிருக்கின்றன, அம்பின் அடியில் கட்டிய இறகு மாதிரி. நெடுந்தூரம் நீந்துவதற்காக ஏற்பட்ட உடம்பல்ல அது. நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் பாய்வதற்காக ஏற்பட்டது. பச்சை உடம்பில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள், நாணலுக்கிடையில் வெயில் சிந்தின மாதிரி. வாயில் நூற்றுக்கணக்கான பற்கள், உட்பக்கம் சாய்ந்தவை. உள்ளே போனது வெளியே வராது. கண்கள் தலையின் உச்சியில் இருக்கின்றன. கண்ணுக்கு முன்னால் மூக்கின்மேல் இரண்டு பள்ளங்கள், துப்பாக்கியில் குறி பார்க்கிற இடம் மாதிரி. சுருக்கமாகச் சொன்னால், மேலே பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்ட மீன். தன் தலைக்கு மேலே, வெளிச்சத்துக்கு எதிரே, எது நகர்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை உடம்பின் இரு பக்கமும் தலையிலும் உள்ள நுண்ணிய துவாரங்கள் நீரின் அதிர்விலிருந்து சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு பிராணியைப் பற்றி மனிதர்கள் கதை கட்டாமல் இருப்பார்களா? 1497-ல் ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊருக்கருகே ஒரு பைக் பிடிபட்டதாகவும், அதன் நீளம் 19 அடி என்றும், அதன் செவுளில் மாட்டியிருந்த வளையத்தில் இரண்டாம் பிரெடரிக் சக்கரவர்த்தி 1230-ல் தம் கையால் அதை ஏரியில் விட்டதாகப் பொறித்திருந்தது என்றும், ஆகவே அதன் வயது 267 என்றும் சொன்னார்கள். எலும்புக்கூட்டை மான்ஹைம் நகரத்துத் தேவாலயத்தில் வைத்துப் பல காலம் ஜனங்களுக்குக் காட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் நிதானமாக எலும்புகளை ஆராய்ந்தபோதுதான், பல மீன்களின் முதுகெலும்பை ஒன்றாகக் கோத்து வைத்திருந்தது தெரிந்தது. தூண்டிலில் பிடிபட்டு முறைப்படி பதிவான பைக்குகளில் பேர்போன பெரிய மீன் 1986-ல் ஜெர்மனியிலேயே கிடைத்தது. எடை 25 கிலோ. இதுவே போதுமான பயங்கரம்.

அது பைக்கைப் பற்றி மனிதன் சொன்ன பொய். பைக்கிடம் மனிதன் சொல்கிற பொய் இன்னும் சுவாரசியமானது.

1496-ல் அச்சான ஓர் இங்கிலீஷ் நூல் தூண்டில் கலையைப் பற்றிப் பேசுகிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற சந்நியாசினி எழுதியதாகச் சொல்வார்கள். அவர்தானா என்பதில் பண்டிதர்களுக்குச் சந்தேகம். எழுதியவர் யாராயிருந்தாலும் வேடிக்கையில் பிரியமுள்ளவர். இரை கோத்த கயிற்றை ஒரு வாத்தின் காலில் கட்டி நீரில் விடச் சொல்கிறார். பைக் இரையை விழுங்கும், வாத்து இழுக்கும், மீன் இழுக்கும், கரையில் நின்று எது ஜெயிக்கிறது என்று பார்க்கலாமாம். வாத்தினுடைய அபிப்பிராயத்தை அவர் பதிவு செய்யவில்லை.

உயிருள்ள இரைக்குப் பதிலாக மரத்தை மிதக்கவிட்டு மீனை ஏமாற்றும் வித்தையை ஒரு பெரிய வியாபாரமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். மிச்சிகன் மாகாணத்தில் டவாஜியாக் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் ஹெட்டன் என்றொருவர் இருந்தார். தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றவர். ஆலைக்குளத்தின் கரையில் ஒரு சிநேகிதருக்காகக் காத்திருந்தபோது பொழுது போகாமல் கையிலிருந்த குச்சியைச் செதுக்கினாராம். சிநேகிதர் வந்ததும் குச்சியைக் குளத்தில் எறிந்தாராம். அது மிதந்துகொண்டிருக்கும்போதே ஒரு மீன் கீழிருந்து வந்து அதை ஆகாயத்தில் தூக்கி அடித்ததாம். அந்த மீன் பைக் அல்ல, பாஸ் என்ற வேறொன்று. கதை எவ்வளவு நிஜமோ, அவர் மரத்தில் தவளை செதுக்கியது நிஜம். அந்தத் தவளைகளில் சில இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அவர் ஆரம்பித்த கம்பெனி 1939-ல் சுருட்டு வடிவத்தில் ஒரு பொய் இரையை வெளியிட்டது. அதற்கு முந்தின வருஷம் ஒஹையோவில் பிரெட் ஆர்போகாஸ்ட் என்பவர், முகத்தில் அகலமான உலோகத் தகடு வைத்து, இழுத்தால் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து ‘களக், களக்’ என்று நீச்சல் அடிக்கிற ஒன்றைக் கொண்டுவந்தார். வாயைக் குழித்துக்கொண்டு நீரை உமிழ்கிறவை, வாலில் சிறு விசிறி சுழல்கிறவை, தாமரையிலைமேல் வழுக்கிப் போகிற ரப்பர்த் தவளைகள் என்று குடும்பம் பெருகிவிட்டது. எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம், மூழ்காமல் மேலே இருப்பதுதான்.

ஆனால் இந்தக் கலையின் ரகசியத்தைத் தெளிவாகக் கண்டவர் பின்லாந்து தேசத்து ஏழை மீனவர் ஒருவர். லௌரி ராப்பலா என்று பெயர். வலை போட்டும் தூண்டில் போட்டும் பிழைத்தவர். படகிலிருந்து நீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது. சிறு மீன்கள் கூட்டமாகப் போகும்போது பெரிய மீன் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. காயம்பட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தள்ளாடிக்கொண்டு போகிற ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறது. 1936-ல் அவர் தக்கையைச் செருப்புத் தைக்கிற கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிவந்த ஈயத்தாளை மேலே ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி அதன்மேல் பூசி, அந்தத் தள்ளாட்டத்தைச் செய்து காட்டினார். சும்மா விட்டால் மிதக்கும். இழுத்தால் கொஞ்சம் அமிழ்ந்து நொண்டும். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. மர்லின் மன்றோ இறந்ததையொட்டி அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்த இதழ் அது. விற்பனை எப்படி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மர்லின் மன்றோவுக்காக வாங்கியவர்கள் மரமீனைப் பற்றியும் படித்தார்கள்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். பொய் இரை என்றால் பளபளப்பாலும் அழகாலும் மயக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். கடையில் தொங்குகிறவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முதுகில் தங்கப் பொடி, செதில் செதிலாகச் சித்திரம், கண்ணுக்கு மை. ஆனால் நீரின் மேலே மிதக்கிற சாமானின் முதுகு மீனுக்கு எங்கே தெரியப் போகிறது? கீழேயிருந்து பார்க்கிற அதற்குத் தெரிவது வெளிச்சத்துக்கு எதிரே ஒரு கறுப்பு வயிறு மட்டும். முதுகுச் சித்திரமெல்லாம் கடைக்கு வருகிறவரைப் பிடிப்பதற்காக. பைக்கைப் பிடிப்பது வேறு. அதன் பெயர் பலவீனம்.

இதை நான் கண்ணால் பார்க்க நேர்ந்தது இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் மாவட்டத்தில். என் அக்காள் மகன் அங்கே நாரிட்ச் நகரத்தில் வேலையாயிருந்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம் அவனோடு போய்த் தங்கினேன். அந்தப் பகுதியில் பிராட்ஸ் என்று சொல்லப்படும் ஆழமில்லாத ஏரிகள் ஆறுகளோடு ஒட்டிக் கிடக்கின்றன. சுற்றிலும் நாணல், நடுவே பாய்மரப் படகுகள், தூரத்தில் காற்றாலைகள். இயற்கை தந்த ஏரிகள் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் நினைத்திருந்தார்கள். இடைக்கால ஜனங்கள் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டியெடுத்த பள்ளங்கள் அவை, பின்னால் நீர் புகுந்து ஏரிகளாயின என்று 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற பெண் விஞ்ஞானி மண்ணைத் துளைத்துப் பார்த்து நிரூபித்தார். குழந்தைகளுக்காக ஆர்தர் ரான்ஸம் எழுதிய கதை ஒன்றில், 1940-ல் வெளியானது, சிறுவர்கள் ஒரு ராட்சத பைக்கோடு மல்லுக்கு நிற்பது இந்த நீரில்தான்.

என் மருமகனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தச்சர். எழுபது வயது. பெயர் வேண்டாம், அச்சில் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. கடையில் பொய் இரை வாங்குவதை அவர் அவமானமாக நினைத்தார். விளக்குமாற்றுக் கட்டையை ஒரு சாண் நறுக்கி, இரு முனையையும் சீவி, வால் பக்கம் உள்ளே கொஞ்சம் ஈயம் வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து முடித்துவிடுவார். கண்கூட வரைவதில்லை.

“மாமா, விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படணும். உங்களால் முடியுமா?” என்று மருமகன் கேட்டான்.

“மீனுக்கே முடிகிறபோது எனக்கென்ன?” என்றேன்.

படகு நாணல் ஓரம் போய் நின்றது. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. மிதக்கிற பொய்க்கு அப்படிப்பட்ட நீர்தான் வேண்டும். அலை அடித்தால் பொய் அலைக்குள் தொலைந்துவிடும். கிழவர் தூண்டில் கோலைத் தொடவில்லை. பையிலிருந்து ஒரு தர்மாமீட்டரை எடுத்து, நூலில் கட்டி, நீருக்குள் விட்டார். ஒரு நிமிஷம் பொறுத்து எடுத்துப் பார்த்தார். “பதினெட்டு” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு அப்புறம்தான் கோலை எடுத்தார். டாக்டர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

நூலின் நுனியில் ஒரு முழம் எஃகுக் கம்பி. பல்லுக்கு நூல் தாங்காது. அதன் நுனியில் விளக்குமாற்றுக் கட்டை. தூண்டில் முட்களின் எதிர்முனைகளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தார், எளிதாகக் கழற்றுவதற்காக. வீசினார். கட்டை நாணல் இடுக்கில் விழுந்து வட்டம் வட்டமாக அலை பரவியது. உடனே இழுப்பார் என்று நினைத்தேன். அலையெல்லாம் அடங்கும் வரை கட்டை சும்மா கிடந்தது. பிறகு கோலின் நுனியைக் கீழ்நோக்கி ஒரு சுண்டு, நூலைத் தளரவிட்டார். கட்டை இடப்பக்கம் திரும்பியது. இன்னொரு சுண்டு, வலப்பக்கம். இதை ‘நாயை நடத்துவது’ என்று சொல்வார்களாம். தெருவில் சங்கிலியோடு போகிற நாய் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் மோந்து பார்ப்பது போல. நாலு அடி நடந்ததும் நிறுத்தினார். கட்டை மூச்சு வாங்குகிற மாதிரி நின்றது. எனக்கே அதன்மேல் இரக்கம் வந்துவிட்டது. கட்டை என்பது மறந்துவிட்டது.

அடுத்த சுண்டில் நீர் வெடித்தது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஒரு வாளி நீரைக் கீழேயிருந்து யாரோ மேலே வீசின மாதிரி. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மருமகன், “இழுங்கள்!” என்று கத்தினான். கிழவரின் கை அசையவேயில்லை. நீர் அடங்கியதும் பார்த்தால் கட்டை அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. மீன் குறி தவறியிருந்தது. கிழவர் ஒன்றும் நடவாதது போல மறுபடி அதை நடத்தினார். ஆறடி தள்ளி இரண்டாவது வெடிப்பு. இந்தத் தடவையும் அவர் அசையவில்லை. கட்டையைக் காணோம், நூல் மெல்ல இறுகியது, மீனின் பாரம் கைக்கு வந்தது. அப்போதுதான் கோலை உயர்த்தினார்.

அவர் பிற்பாடு விளக்கினார். மேலே மிதக்கிறதைத் தாக்கும்போது பைக் அடிக்கடி தவறும். சத்தத்தைக் கேட்டதும் இழுக்கிறவன், மீனின் வாயிலிருந்தே கட்டையைப் பிடுங்கி எறிகிறான். கண் பார்த்ததை நம்பக்கூடாது, காது கேட்டதையும் நம்பக்கூடாது. கைக்குப் பாரம் வந்தால்தான் மீன். “இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. என் மனைவியிடம் பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு பொறுக்க வேண்டும் என்பதை அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்” என்றார். ஔவை சொன்ன கொக்கு மீன் வரும் வரைதான் காத்திருந்தது. இவர் மீன் வந்த பிறகும் காத்திருந்தார்.

எட்டு பவுண்டு, நம் கணக்கில் மூன்றரை கிலோவுக்கு மேல். ஈரத் துணிமேல் கிடத்தி, நீள மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் நீரில் தாங்கிப் பிடித்தார். செவுள்கள் திறந்து மூடின. கொஞ்ச நேரத்தில் வால் ஓர் ஆட்டு ஆட்டியது, போய்விட்டது. “இதற்காகவா மூன்று மணிக்கு எழுந்தோம்?” என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். மருமகன் சிரித்தான். அவனுக்கும் அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனோம். இடையில் இங்கிலாந்துக்கே பழக்கமில்லாத வெயில் அடித்திருந்தது. அன்று அவனுடைய முறை. கிழவர் தம்முடைய கறுப்புக் கட்டையை அவனிடம் கொடுத்திருந்தார். அடுத்த மாதம் அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். இனி இந்த நீருக்கு வருவது எப்போதோ. அவன் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். படகு போய் நின்றது. நாணலோரம் ஒரு பைக் சிறு மீன்களைத் துரத்தி நீர் சிதறியதை மூவரும் பார்த்தோம். கிழவர் தர்மாமீட்டரை விட்டு எடுத்தார். “இருபத்திரண்டு” என்றார். பிறகு துடுப்பைக் கையில் எடுத்துப் படகைத் திருப்பினார்.

“ஒரே ஒரு தடவை வீசிப் பார்க்கிறேனே” என்று மருமகன் கெஞ்சினான். “மீன் அங்கேயேதான் இருக்கிறது.”

“இருக்கிறது. நீ வீசினால் வரும். திரும்ப விடுவாய். நீந்திப் போகும். நீயும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாய். மத்தியானம் அது செத்து மிதக்கும்” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

விஷயம் இதுதான். நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். பாசி மண்டிய நீரில் ராத்திரி முழுவதும் செடிகளும் மூச்சு விடுவதால் விடியற்காலையில் அது இன்னும் குறைவு. அந்த நேரத்தில் தூண்டிலோடு போராடிக் களைத்த பைக்குக்கு இழந்த மூச்சு திரும்புவதில்லை. பல்லும் பாய்ச்சலுமாகப் பார்க்கிறவரை மிரட்டுகிற இந்த மீன், கையாளும்போது மிக மென்மையான பிராணி. பெரிய மீன்களுக்குத்தான் ஆபத்து அதிகம். மேலே மிதக்கிற பொய்க்கு ஏற்ற பருவமோ கோடை; ஏற்ற நேரமோ விடியற்காலை. மனிதனுடைய இன்பம் உச்சத்தில் இருக்கிற நேரமும் மீனுடைய உயிர் நூலில் தொங்குகிற நேரமும் அநேகமாக ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அங்கே மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக்கூடாதென்று சட்டம் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தை உத்தேசித்து. ஜூலையில் நீர் சூடாகிவிட்டால் போடாதே என்று சொல்ல ஒரு சட்டமும் படகில் ஏறி வரவில்லை. ஒரு தர்மாமீட்டர்தான் வந்தது.

அந்த நீர்நிலைகளுக்கே இதில் ஓர் அனுபவம் உண்டு. 1967-ல் ஹார்சி மியர் என்ற ஏரியில் 40 பவுண்டு பைக் ஒன்று பிடிபட்டுத் தேசம் முழுவதும் பேசப்பட்டது. இரண்டே வருஷத்தில், 1969-ல், கண்ணுக்குத் தெரியாத ஒரு நச்சுப்பாசி பெருகி அந்தப் பக்கத்து மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ராட்சதன் என்று பெயரெடுத்த மீனும் ஒரு துளிப் பாசிக்கு முன்னால் நிற்க முடியவில்லை.

மருமகன் திரும்பி வருகிற வழியெல்லாம் பேசவில்லை. எனக்கு அவன்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குள் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. நம் கடற்கரையில் கட்டுமரம் தள்ளிப் போகிறவன் சாப்பிடுவதற்கும் விற்பதற்கும் பிடிக்கிறான். அவனிடம் யாரும் காரணம் கேட்க முடியாது. பசி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவான். விளையாட்டுக்குப் பிடித்து விளையாட்டாகவே விடுகிறவனுக்கு அந்தப் பதில் கிடையாது. கிழவரிடமே கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பாரம் கைக்கு வரட்டும் என்று பொறுத்தாரோ என்னவோ. “எனக்கு இதில் ஆசை. அதைத் தவிர நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை. நொண்டுகிற மாதிரி நடித்து அதை வரவழைக்கிறேன். உயிரோடு திருப்பி அனுப்ப முடியாத நாளில் நடிக்க மாட்டேன்” என்றார்.

இதை முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மீனைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். ஆனால் பொய்யையே தொழிலாகக் கொண்ட என் போன்றவனுக்கு அதில் யோசிக்க நிறைய இருந்தது. இல்லாத மனிதர்களை நொண்டி நடக்கவைத்து, வாசகரின் இரக்கத்தைக் கீழேயிருந்து பாயச் செய்வதுதான் எங்கள் பிழைப்பும். பாய்ந்து வந்தவரை முன்னிலும் கொஞ்சம் உயிரோடு திருப்பி அனுப்புகிறோமா என்று பார்ப்பதற்கு எங்களிடம் கருவி ஒன்றும் கிடையாது. வள்ளுவர் சூதாட்டத்தில் வரும் ஜெயத்தைத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். அந்த நீர் வெடிக்கிற சத்தத்தை ஒரு தரம் கேட்டவன் அதே மாதிரி முள்ளை விழுங்கிவிட்டவன்தான். கிழவர் ஐம்பது வருஷமாக அதை விழுங்கிக்கொண்டு, படகைத் திருப்பவும் தெரிந்து வைத்திருந்தார்.

மருமகன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். கறுப்புக் கட்டையைக் கிழவர் அவனிடமே கொடுத்துவிட்டார். போன கோடையில் கடிதம் எழுதியிருந்தான்: பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறதாம், பைக் இருக்கிறதாம், புதிதாக ஒரு தர்மாமீட்டர் வாங்கியிருக்கிறானாம். மீன் கிடைத்ததா என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.